கடல் தாண்டிப் போகும் நம்ம பெட்டி: வாங்குற ஊரை அறிந்து விற்போம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓலைப் பெட்டி பின்னும் குழுவின் ஊக்குநர் அக்கா எழுந்து கேட்ட கேள்வி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "நம்ம பெட்டி நம்ம ஊர்ச் சந்தையில நல்லாத்தானே விக்குது? அதே பெட்டியை வெளிநாட்டுக்காரங்க ஏன் வேண்டாம்னு சொன்னாங்க? அவங்களுக்காக நாம ஏன் மாத்தணும்?" என்றார். அன்றைக்கு நேரம் ஆகிவிட்டதால் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரியாத உறுப்பினர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சென்ற ஆண்டு நம் கூட்டமைப்பின் இரண்டு குழுக்கள் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்காக 400 ஓலைப் பெட்டிகள் பின்னின. ஜப்பானுக்குப் போகும் சரக்கு என்று சொன்னார்கள். கல்யாண வீட்டுக்குச் செய்வதுபோல ரோஸ், பச்சை, மஞ்சள் என்று பளிச்சென்று சாயம் ஏற்றினோம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பெட்டி சேர்த்து ஒரு செட் கட்டினோம். ஐப்பசி மழையில் அவசரம் அவசரமாக மூட்டை போட்டு அனுப்பினோம்.

சென்னையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோதே சரக்கு நின்றுவிட்டது. மூன்று குறை சொன்னார்கள். நிறம் கண்ணைப் பறிக்கிறது, அந்த ஊர் வீடுகளுக்குப் பொருந்தாது. நான்கு நான்காகக் கட்டியிருக்கிறீர்கள், அது ஆகாது. சில மூடிகளில் ஈரம் போகாமல் பூஞ்சை பிடித்திருக்கிறது. பெட்டிகள் திரும்பி வந்தன. பாதியை உள்ளூரில் வந்த விலைக்கு விற்றோம். மீதி இன்னும் கூட்டமைப்பு அலுவலக அறையில் இருக்கிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் வாங்கிய 30,000 ரூபாய் கடனை அந்தக் குழுச் சகோதரிகள் கோழி விற்றும் பால் ஊற்றியும் தவணை தவறாமல் கட்டி வருகிறார்கள். அவர்களுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பூஞ்சை பிடித்தது நம் கவனக்குறைவு. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் நிறமும் நாலு என்ற கணக்கும் நாம் தெரிந்துகொள்ளாமல் செய்த தப்பு. அதைத்தான் பேச வேண்டும்.

"பாம்பு தின்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டு நமக்கு"ன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. போகிற ஊரின் பழக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள் என்பதுதான் அதன் அர்த்தம். வியாபாரத்துக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

நம்மகிட்ட வந்து பாடம் படிச்சவங்க

வெளிநாட்டுக்குப் போகும் நாம் மட்டும்தான் மாற வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டுக்கு விற்க வந்த பெரிய பெரிய கம்பெனிகளும் தலையில் குட்டுப்பட்டுத்தான் கற்றுக்கொண்டன.

கெலாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1994-இல் இந்தியாவுக்கு வந்தது. மக்காச்சோளத்தைத் தட்டையாக்கிப் பொரித்தது போன்ற கார்ன்ஃபிளேக்ஸை விற்றது. அவர்கள் ஊரில் அதில் குளிர்ந்த பாலை ஊற்றி மொறுமொறுவென்று சாப்பிடுவார்கள். நம் வீட்டில் காலையில் யாராவது குளிர்ந்த பால் குடிப்போமா? பாலைக் காய்ச்சிச் சூடாக ஊற்றினோம். அது நொடியில் கூழாகிவிட்டது. இட்லி, பொங்கல், பழைய சோறு, பரோட்டா என்று வயிறு நிறையச் சாப்பிட்ட ஜனத்துக்கு அது ஒரு சாப்பாடாகவே தெரியவில்லை. விலையும் அதிகம். அதோடு, நம் காலைச் சாப்பாட்டில் சத்துப் போதாது என்பதுபோல விளம்பரமும் செய்தார்கள். விடியற்காலையில் எழுந்து சமைக்கிற பெண்ணுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? விற்பனை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. பிறகு சின்னப் பாக்கெட் போட்டார்கள். நம் நாக்குக்கு ஏற்ற இனிப்புச் சுவைகளையும், பிள்ளைகளுக்குச் சாக்லேட் சுவையையும் கொண்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கடைகளில் நிலைத்தார்கள்.

மெக்டொனால்ட்ஸ் கடை 1996-இல் டெல்லியில் திறந்தபோது வருவதற்கு முன்பே யோசித்துக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் அவர்கள் பெயர் வாங்கியதே மாட்டுக்கறி வைத்த பன்னுக்குத்தான். இங்கே இந்துக்களில் பலர் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்கள், முஸ்லிம்கள் பன்றிக்கறியைத் தொட மாட்டார்கள் என்று இரண்டையும் விட்டுவிட்டார்கள். உருளைக்கிழங்கு மசாலா வைத்த பன் போட்டார்கள். சைவம் சமைக்கத் தனி இடம், தனிப் பாத்திரம் வைத்தார்கள். முட்டை சேராத குழம்புக்கலவை தயாரித்தார்கள். கடையின் பெயரும் அடையாளமும் மாறவில்லை, தட்டில் இருந்தது மட்டும் மாறியது.

அடுத்தது நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தது. டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 செல்போன் ஞாபகம் இருக்கா? 2003-இல் வந்தது. கரண்டு போகிற கிராமத்துக்கு டார்ச், புழுதி பறக்கிற இடத்துக்குத் தூசி போகாத பட்டன், வியர்த்த கைக்கு வழுக்காத பிடி. இந்தியா போன்ற நாடுகளில் இருக்கும் ஜனங்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்த போன் அது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் மூளை என்று நினைக்க வேண்டாம். ஷாம்பு என்றால் பெரிய பாட்டில், பணக்காரர் சமாச்சாரம் என்று இருந்த காலத்தில், அதைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று வழி காட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் மொத்தமாகக் காசு போட்டு வாங்காது, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளே அந்த வழிக்கு வந்தன. ஷாம்பு மாறவில்லை. வாங்குகிறவரின் கைக்காசுக்கு ஏற்ப அளவுதான் மாறியது.

ஆக, ஊக்குநர் அக்கா கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான்: விற்கிறவர் யாராக இருந்தாலும் மாறித்தான் விற்றிருக்கிறார். கோடி கோடியாகப் பணம் வைத்திருக்கும் கம்பெனியே நம் அடுப்பங்கரையைப் பார்த்து மாறியிருக்கும்போது, நாமும் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

நாலு ஏன் ஆகாது?

இப்போது ஜப்பானுக்கு வருவோம். அந்த மொழியில் நாலு என்ற எண்ணை 'ஷி' என்றும் சொல்வார்கள். சாவு என்ற சொல்லுக்கும் அதே ஓசைதான். அதனால் பரிசு கொடுக்கும்போது நாலு என்ற கணக்கைத் தவிர்ப்பார்கள். சில மருத்துவமனைகளில் நாலாம் எண் அறையே இருக்காது. தட்டு, கிண்ணம் எல்லாம் அங்கே பெரும்பாலும் ஐந்து ஐந்தாகச் செட்டு கட்டி விற்பார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம் அம்மா. மொய் எழுதும்போது நாம் நூறு வைப்போமா? ஒரு ரூபாய் சேர்த்து நூற்றியொன்றாகத்தானே வைக்கிறோம். எட்டாம் எண் வேண்டாம் என்று சொல்கிற குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. நமக்கு ஒரு நம்பிக்கை இருப்பது போல அவர்களுக்கு ஒன்று. நாம் ஒரு பெட்டி கூட்டி ஐந்தாகக் கட்டியிருந்தால் அந்தக் குறை வந்தே இருக்காது. கூடுதலாக ஒரு பெட்டிக்குக் காசும் கிடைத்திருக்கும்.

சொல்லின் ஓசை கெடுதலும் செய்யும், நல்லதும் செய்யும். கிட்கேட் என்ற சாக்லேட் மிட்டாயை நம் பெட்டிக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியர் வாயில் அந்தப் பெயர் 'கிட்டோ கட்சு' என்பதுபோல ஒலிக்கும். அதற்கு 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்று பொருள் வரும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் ஜனங்களிடமே முளைத்தது. கம்பெனி அதைக் கவனித்துப் பிடித்துக்கொண்டது. 2009-இல் ஜப்பான் அஞ்சல் நிறுவனத்தோடு சேர்ந்து, வாழ்த்து எழுதித் தபாலில் அனுப்பும்படியான மிட்டாய்ப் பெட்டியைக் கொண்டு வந்தது. பச்சைத் தேயிலைச் சுவை உட்பட அந்த நாட்டுக்கென்றே நூற்றுக்கணக்கான சுவைகளும் வந்தன. வாங்குகிறவர் அந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கவனித்ததால் வந்த லாபம் இது.

என்னென்ன பார்க்கணும்?

ஒன்று, நிறம். சீனாவில் சிவப்பு மங்கல நிறம். வெள்ளை துக்கத்துக்கு உரியது. அமெரிக்கா, ஐரோப்பாவில் மணப்பெண் வெள்ளைதான் உடுத்துவாள். நம் ஊரிலேயே சர்ச்சில் நடக்கும் கல்யாணத்துக்கும் கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கும் நிறம் வேறுபடுவதைப் பார்க்கிறோம். ஜப்பான் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டது ஓலையின் சொந்த நிறத்தை. சாயமே இல்லாமல், ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. நினைத்துப் பாருங்கள், சாயச் செலவும் நமக்கு மிச்சம்.

இரண்டு, பயன். நமக்கு ஓலைப்பெட்டி என்றால் தாம்பூலம், பலகாரம், கருப்பட்டி. வேறு நாட்டில் அதே பெட்டியில் ரொட்டி வைப்பார்கள், நூல்கண்டு வைப்பார்கள், பிள்ளையின் பொம்மை வைப்பார்கள். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அளவும் ஆழமும் மூடியும் தானாகவே தெளிவாகிவிடும். சாப்பிடும் பொருள் வைப்பதாக இருந்தால் சாயம் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும்.

மூன்று, எழுத்தும் படமும். 04/05 என்று தேதி போட்டால் நமக்கு மே மாதம் 4-ஆம் தேதி. அமெரிக்காவில் அதை ஏப்ரல் 5 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் குழப்பமில்லை. அரபு மொழியை வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். இடப்பக்கம் அழுக்குத் துணி, நடுவில் சோப்பு, வலப்பக்கம் வெளுத்த துணி என்று நாம் படம் போட்டால், அந்தப் பழக்கத்தில் பார்ப்பவருக்கு வெள்ளைத் துணியைச் சோப்பு அழுக்காக்கியது போலத் தெரியும்!

நான்கு, நம்பிக்கை. முஸ்லிம் மக்கள் வாழும் நாடுகளுக்குப் போகும் தின்பண்டத்தில் பன்றிக் கொழுப்பு, சாராயம் கலந்த எதுவும் இருக்கக் கூடாது. ஹலால் சான்று கேட்பார்கள். வளைகுடா நாடுகளில் உணவுப் பாக்கெட்டின் மேல் அரபு மொழியிலும் விவரம் இருக்க வேண்டும்.

ஐந்து, சட்டம். இது ருசி, ரசனை சமாச்சாரம் இல்லை. பேரம் பேச முடியாது. நாம் அன்றாடம் சாப்பிடும் எள்ளையே எடுத்துக்கொள்வோம். சிலர் உடம்புக்கு எள் ஆகாது. ஒரு துளி சேர்ந்தாலும் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஐரோப்பிய நாடுகளில் உணவில் எள் இருந்தால் பாக்கெட்டில் தெளிவாகத் தெரியும்படி போட வேண்டும். அமெரிக்காவிலும் 2023 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். வேர்க்கடலை, பால், கோதுமை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. எள்ளுருண்டை, கடலைமிட்டாய் செய்யும் குழுக்கள் இதைக் குறித்து வையுங்கள்.

2020-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமி கொல்லும் வாயுவின் மிச்சம் அளவுக்கு மேல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எள் தூவிய ரொட்டி, பிஸ்கட் எல்லாம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகு நம் நாட்டு எள் பரிசோதனைச் சான்றோடுதான் அங்கே போக வேண்டும் என்று விதி வந்தது. யாரோ சிலர் செய்ததற்கு நாட்டின் எள் முழுவதும் பரிசோதனைக்கு நிற்க வேண்டியதாயிற்று. நம் குழுவில் ஒருவர் ஈர ஓலை வைத்தால் மொத்த மூட்டையும் திரும்புவது போலத்தான் இதுவும்.

மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவதாக இருந்தால் அந்த மரத்துக்கும் விதி உண்டு. பூச்சி போகாமல் இருக்க மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

நாடு ஒன்றுதான், ஆள் வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஜப்பான்காரங்க இப்படி, அமெரிக்காக்காரங்க அப்படி" என்று மொத்தமாக முடிவு கட்டிவிடக் கூடாது. நம் மாவட்டத்திலேயே எல்லோருக்கும் ஒரே ருசியா இருக்கிறது?

கனடாவின் டொரோண்டோ நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சிங்கப்பூர், மலேசியாவிலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பொங்கலுக்கும் வளைகாப்புக்கும் அவர்கள் தேடுவது, ஜப்பானுக்கு ஆகாத அதே ரோஸ், பச்சைப் பெட்டியாக இருக்கலாம். அதே சமயம் தமிழர்தானே என்று நம் சாம்பார் பொடியை அப்படியே அனுப்பினாலும் சரிவராது. டொரோண்டோவில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர். அவர்கள் வீட்டுக் கறித்தூள் நன்றாகக் கருக வறுத்து அரைத்தது. வாசமே வேறு. ஆகவே எந்த நாடு என்று கேட்பதோடு நிற்காமல், அந்த நாட்டில் யார், எதற்காக வாங்குகிறார் என்றும் கேட்க வேண்டும்.

எதை மாத்தக் கூடாது?

ஊக்குநர் அக்காவின் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது நம்ம பெட்டியாகவே இருக்காது. பிளாஸ்டிக் பெட்டி எல்லா நாட்டிலும் மலிவாகவே கிடைக்கிறது. நம்மைத் தேடி வருகிறவர் தேடுவது பனை ஓலையை, கைப்பின்னலை, பாட்டி காலத்து முடிச்சை.

ஆகவே நிறம், அளவு, எண்ணிக்கை, கட்டுமானம், மேலே ஒட்டும் சீட்டு ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றலாம். ஓலையின் தரம், பின்னல் நேர்த்தி இரண்டையும் விடக் கூடாது. கூலியையும் விடக் கூடாது. "விலையைக் குறைங்க, நிறைய ஆர்டர் தர்றோம்" என்று கேட்கும்போது, ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி கட்டாத ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நமக்கு வேண்டாம்.

அடுத்த ஆர்டருக்கு முன்னால்

நம்மால் ஜப்பானுக்குப் போய்ப் பார்த்து வர முடியாது. ஆனால் கேட்க முடியும். கேள்வி கேட்கச் செலவே இல்லை. இனி எந்த வெளியூர், வெளிநாட்டு ஆர்டர் வந்தாலும் கீழே உள்ளதைச் செய்த பிறகே கூட்டமைப்புக் கடன் எடுக்க வேண்டும் என்பது எங்கள் யோசனை.

1. யார் வாங்குகிறார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், ஒரு செட்டுக்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும்.

2. மூன்று மாதிரி செய்ய வேண்டும். ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று கூட்டமைப்புக்கு, ஒன்று பின்னும் குழுவுக்கு. 'இதேபோல் செய்க' என்று எழுத்தில் வந்த பிறகே ஓலை வாங்க வேண்டும்.

3. முன்பணம் எவ்வளவு, சரக்கு வேண்டாம் என்றால் யார் நட்டம் ஏற்பது, மீதிப் பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

4. மழைக்காலத்தில் கூடுதலாக நாள் கேட்க வேண்டும். பெட்டியை நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டுத்தான் மூட வேண்டும்.

5. முதல் முறை 400 வேண்டாம், 40 போதும். போய்ச் சேர்ந்த பிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்டு அடுத்ததைச் செய்வோம்.

நேரடியாக ஏற்றுமதி செய்ய ஆசைப்படும் குழுக்களுக்கு: இதற்கு ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பான் எண்ணை வைத்து வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் விண்ணப்பிக்கலாம். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். சிறிய பார்சல்களை அனுப்ப உதவும் ஏற்றுமதி மையங்கள் இப்போது பல அஞ்சலகங்களில் இருக்கின்றன. உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். சுங்க வரியும் விதியும் அடிக்கடி மாறும் என்பதால் போன வருடம் கேட்டது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சகோதரிகளே, முன்பு வந்த அதே ஏற்றுமதியாளர் இந்த மாதம் மறுபடியும் கேட்டிருக்கிறார். சாயம் ஏற்றாத ஓலை, ஐந்து பெட்டி ஒரு செட், முதலில் மாதிரி மட்டும். நட்டப்பட்ட இரண்டு குழுக்களுக்கே இதைச் செய்யும் முதல் உரிமை என்று நாங்கள் நினைக்கிறோம். எடுப்பதா வேண்டாமா என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வருவதற்கு முன் உங்கள் குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை யாராவது ஒருவர் சத்தமாக வாசியுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாக்களிடமும் கருத்துக் கேட்டு வாருங்கள். ஓலை எப்போது காயும், எந்தப் பின்னல் எத்தனை நாள் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

அலுவலக அறையில் அடுக்கியிருக்கும் ரோஸ் பெட்டிகளைத் தை மாதத்துக்கு முன் விற்றுவிடுவோம். ஒன்றே ஒன்றை மட்டும் மேசை மேல் வைத்துக்கொள்ளப் போகிறோம். அடுத்த ஆர்டருக்குக் கையெழுத்துப் போடும்போது அது கண்ணில் படட்டும்.